உஷார்! பாயிண்டைக் காட்டி விற்கிறார்கள் டிராவல் கார்டு

கோடை விடுமுறைக்கு டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கும் நேரம் பார்த்து அந்த போன் வரும். "சார், உங்களுக்கு டிராவல் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு. ஃபிளைட் டிக்கெட் ஃப்ரீ, ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ, டாக்குமென்ட் மட்டும் வாட்ஸ்அப் பண்ணுங்க." மால் வாசலிலும், பெட்ரோல் பங்கிலும், விமான நிலையத்தில் போட்டிருக்கும் சின்ன மேஜையிலும் இதே பேச்சுதான். சரி என்று சொல்வதற்கு முன்னால், தயவுசெய்து பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். டிராவல் கார்டால், அதாவது பயணச் சலுகை தரும் கிரெடிட் கார்டால், லாபம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால், வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வங்கிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்து நொந்துபோகிற குடும்பங்கள் அதைவிட அதிகம் என் கண்ணில் படுகின்றன.

கார்டில் செலவழிக்கும்போது சேரும் பாயிண்ட் உங்கள் பணம் இல்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா, எந்த ஏர்லைன்ஸுக்கு மாற்றலாம், எப்போது காலாவதி என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது வங்கி. நீங்கள் இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிறகும் வங்கி இவற்றை மாற்றலாம். விண்ணப்பத்தோடு வந்த பொடி எழுத்து நிபந்தனைகளில் அதற்கு நீங்களே சம்மதம் கொடுத்திருப்பீர்கள்.

வெறும் பயமுறுத்தல் என்று நினைத்தால், ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மாதம் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் வழக்கமான பாயிண்டுக்கு மேல் 25,000 பாயிண்ட் கொடுத்தார்கள். 5 பாயிண்டுக்கு, விமான டிக்கெட் எடுக்கப் பயன்படும் 4 ஏர்லைன்ஸ் மைல் கிடைத்தது. கார்டு விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அந்த 25,000 நின்றுபோனது. 5-க்கு 4 என்பது 5-க்கு 2 ஆனது. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. கணக்கில் 2 லட்சம் பாயிண்ட் சேர்த்து வைத்திருந்தவருக்கு அதுவரை 1,60,000 மைல் கிடைத்திருக்கும்; அதன் பிறகு 80,000தான். விஷயம் தெரிந்த பலர் கெடு முடியுமுன் அவசர அவசரமாக மாற்றிக்கொண்டார்கள். வங்கி அனுப்பிய மின்னஞ்சலைத் திறக்காமலே விட்டவர்களுக்குப் பாதி போனது.

வங்கி மாறாவிட்டாலும் ஏர்லைன்ஸ் மாறும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி பறப்பதை நிறுத்தியது. அதன் பெயரில் பல வங்கிகள் கார்டு கொடுத்திருந்தன. மைல்கள் அழியவில்லை, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி நின்றன. எந்த விமானத்தில் ஏறச் சேர்த்தார்களோ, அந்த விமானம் மட்டும் இல்லை. 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணைந்தது. பாயிண்டுகள் ஏர் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆக்சிஸ், எஸ்.பி.ஐ., ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்ட் வங்கிகளின் விஸ்தாரா கார்டுகளுக்கு வழி மூடியது. அடுத்த சில மாதங்களில், 2025 மார்ச் 31 முதல், ஏர் இந்தியா எஸ்.பி.ஐ. சிக்னேச்சர் கார்டில் ஏர் இந்தியா டிக்கெட்டுக்கு 100 ரூபாய்க்கு 30 பாயிண்ட் என்று இருந்தது 10 ஆகக் குறைந்தது. பிளாட்டினம் கார்டில் 15 என்பது 5 ஆனது.

அதனால்தான் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: டிராவல் கார்டு எடுப்பதாக இருந்தால், இந்த ஒரு வருடத்தில் சம்பாதித்து இந்த ஒரு வருடத்துக்குள் செலவழிக்க முடிகிற பாயிண்டை மட்டும் கணக்கில் எடுங்கள். 'மூன்று வருஷம் சேர்த்துக் குடும்பத்தோடு ஐரோப்பா' என்கிற கனவை எந்தக் கார்டின் மேலும் ஏற்றாதீர்கள்.

8,000 ரூபாய் எப்படி 250 ஆகிறது?

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டே பார்ப்போம். மாதம் 50,000 ரூபாய் கார்டில் செலவழிக்கும் குடும்பம். கார்டில் 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட். ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய். வங்கியின் பயணத் தளத்தில் டிக்கெட் எடுத்தால் ஒரு பாயிண்டுக்கு 50 பைசா. பில்லில் கழித்துக்கொண்டால் 20 பைசா. நடுத்தரக் கார்டுகளில் இப்படிப்பட்ட கணக்கு சாதாரணம். விற்பனையாளர் என்ன சொல்வார்? மாதம் 1,333 பாயிண்ட், வருடத்துக்கு 16,000, அதாவது 8,000 ரூபாய் டிக்கெட். கேட்க இனிக்கும்.

இப்போது அந்த 50,000-ஐப் பிரியுங்கள். பெட்ரோல் 5,000. கரன்ட் பில், மொபைல், இன்டர்நெட் 5,000. இன்ஷூரன்ஸ் பிரீமியம், மாதக் கணக்கில் 8,000. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், ஆப் வழியாகக் கட்டுவது 12,000. மொத்தம் 30,000. பல கார்டுகளில் இந்தச் செலவுகளுக்குப் பாயிண்டே கிடையாது. கிடைத்தாலும் ஒரு சின்ன வரம்போடு நின்றுவிடும். நகைக்கடை, வாலட், வாடகை, அரசுக்குக் கட்டும் வரி ஆகியவையும் பெரும்பாலும் இதே பட்டியல்தான். மிச்சம் இருக்கிற 20,000 ரூபாய்க்குத்தான் பாயிண்ட். வருடத்துக்கு 6,400 பாயிண்ட். டிக்கெட்டாக எடுத்தால் 3,200 ரூபாய். பில்லில் கழித்தால் வெறும் 1,280.

ஆண்டுக் கட்டணத்துக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 2,950 ரூபாய் போய்விடும். கையில் நிற்பது 250 ரூபாய். அதுவும் நிற்காது. ஸ்கூல் ஃபீஸை ஆப் வழியாகக் கட்டினால் பல வங்கிகள் 1 சதவிகிதம் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. 12,000-க்கு 120 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 141 ரூபாய் 60 பைசா. பன்னிரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 1,700. ஆக, 8,000 ரூபாய் லாபம் என்று சொல்லி விற்ற கார்டில் இந்தக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,450 ரூபாய் நஷ்டம்.

"4 லட்சம் செலவழிச்சா ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி மேடம்" என்பார்கள். எந்தச் செலவெல்லாம் அந்த 4 லட்சத்தில் சேரும் என்று கேளுங்கள். பாயிண்ட் கிடைக்காத செலவுகளைப் பல கார்டுகள் இந்தக் கணக்கிலிருந்தும் நீக்கிவிடுகின்றன. மேலே சொன்ன குடும்பத்துக்குச் சேர்வது 2,40,000 மட்டும். மீதி 1,60,000-ஐ எட்டுவதற்காக, தேவையில்லாத டி.வி.யையும் சோபாவையும் வாங்கத் தோன்றும் பாருங்கள், அந்த இடத்தில்தான் நிஜமான நஷ்டம் ஆரம்பிக்கிறது. 'முதல் 90 நாளில் இவ்வளவு செலவழித்தால் வெல்கம் போனஸ்' என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு போனில் வங்கியின் பயணத் தளத்தையும் இன்னொரு போனில் அந்த ஏர்லைன்ஸின் சொந்தத் தளத்தையும் திறந்து வையுங்கள். அதே தேதி, அதே ஃபிளைட், அதே லக்கேஜ் அளவு. பணம் கட்டுகிற கடைசித் திரை வரை போங்கள். கன்வீனியன்ஸ் ஃபீஸ் அங்கேதான் தலைகாட்டும். ஒரு டிக்கெட்டுக்கு 400 ரூபாய் வித்தியாசம் என்றால் நான்கு பேருக்கு 1,600. உங்கள் 3,200 ரூபாய் பாயிண்டில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது. சில கார்டுகளில் டிக்கெட் விலை முழுவதையும் பாயிண்டால் கட்ட முடியாது. 70 சதவிகிதம் வரைதான் அனுமதி. மீதியைக் காசாகக் கட்ட வேண்டும். பாயிண்டை ரிடீம் செய்வதற்கே 99 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கிற கார்டுகளும் உண்டு.

லவுஞ்ச் வாசலில்

சென்னை விமான நிலைய லவுஞ்ச் கவுன்ட்டரில் நான் பார்த்த காட்சி இது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்த அம்மா கார்டை நீட்டுகிறார். பையன் மெஷினில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தக் கார்டுக்கு எலிஜிபிலிட்டி காட்டலையே" என்கிறான்.

"போன வருஷம் இதே கார்டுலதான் தம்பி உள்ள போனோம்."

"இப்ப ரூல் மாத்திட்டாங்க மேடம். போன குவார்ட்டர்ல எவ்வளவு ஸ்பெண்ட் பண்ணியிருக்கீங்கன்னு பாக்குது. வேணும்னா பே பண்ணிட்டுப் போலாம்."

நான்கு பேருக்கு என்ன ஆகும் என்று அவன் சொன்னதும் அந்த அம்மா கார்டைத் திரும்ப வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். சின்னவள், "ஏம்மா, உள்ள போகலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமே இல்லை. விதி மாறியது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2024-லிருந்து இந்த மாற்றம் வேகமாக நடந்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி ஏப்ரல் 1 முதல் பல கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் இலவச லவுஞ்ச் என்றது. நவம்பர் 15 முதல் அதுவே 75,000 ஆனது. ஆக்சிஸ் வங்கி மே 1 முதல் தன் சில கார்டுகளுக்கு முந்தைய மூன்று மாதங்களில் 50,000 என்று வைத்தது. காலாண்டுக் கணக்கு வைத்திருக்கிற கார்டில், மே மாதம் ஊருக்குப் போகிற உங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான செலவுதான் கணக்கு. ஏப்ரலில் வாங்கிக் குவித்தாலும் பலன் இல்லை. பெரும்பாலான கார்டுகளில் இலவசம் கார்டுக்காரர் ஒருவருக்குத்தான். கூட வருகிறவர்களுக்குக் காசு. உங்கள் ஊர் விமான நிலையத்தில் அந்தக் கார்டு செல்லுபடியாகும் லவுஞ்ச் இருக்கிறதா என்பதையும் வங்கியின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

இலவசக் காப்பீடும் இப்படித்தான். எஸ்.பி.ஐ. கார்டு தன் பல கார்டுகளில் கொடுத்துவந்த 50 லட்சம், 1 கோடி ரூபாய் விமான விபத்துக் காப்பீட்டை 2025 ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக நிறுத்தியது. கார்டு இருக்கிறதே என்று பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

வெளிநாட்டில் தேய்க்கிறீர்களா?

பெயரில்தான் டிராவல் கார்டு. வெளிநாட்டில் தேய்த்தால் பல கார்டுகளில் 3.5 சதவிகிதம் ஃபாரெக்ஸ் மார்க்அப், அதாவது நாணய மாற்றுக் கட்டணம். அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13 சதவிகிதம். சிங்கப்பூரிலோ துபாயிலோ 1 லட்சம் ரூபாய்க்குச் செலவழித்தால் 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். நல்ல கார்டாகவே இருந்து 2 சதவிகிதம் பாயிண்ட் வந்தால் 2,000 ரூபாய். மார்க்அப் இல்லாத கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. ஃபெடரல் வங்கியின் ஸ்கேப்பியா அப்படித்தான் அறிமுகமானது. வருடம் ஒரு முறையாவது பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கு, பாயிண்ட் குறைவாகக் கொடுத்தாலும் இந்த வகைக் கார்டுதான் மேல் என்பது என் கருத்து. எடுக்கிற அன்று விதி அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: சிங்கப்பூர் டாலரிலா, இந்திய ரூபாயிலா? நம் ரூபாயைப் பார்த்ததும் கை தானாக அதை அழுத்தப் போகும். அழுத்தாதீர்கள். ரூபாய் என்று தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைப் போடுவது கடைக்காரர் பக்கத்து நிறுவனம். அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமான விகிதம். அதற்கும் மேல் நம்மூர் வங்கிகள் பல 1 சதவிகிதம் கட்டணம் போடுகின்றன. உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரரே அழுத்தப் போனால் "வேண்டாம், டாலரில் போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

மைல் சேர்க்கிற கார்டு எடுக்கிறவர்கள் தங்கள் ஊர் ஓடுபாதையிலிருந்து யோசிக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு நல்ல மதிப்பு கிடைப்பது அதே ஏர்லைன்ஸில் பறந்தால்தான். சென்னையிலிருந்து அது பறக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறப்பது ஸ்கூட் மாதிரியான மலிவு விலை விமானங்கள். திருச்சிக்காரர் அந்த மைலைச் சேர்த்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டுமா என்று முதலில் தீர்மானிக்கட்டும். மைலில் டிக்கெட் எடுத்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் காசாகத்தான் கட்ட வேண்டும். வங்கிப் பாயிண்டை ஏர்லைன்ஸ் மைலாக மாற்றிவிட்டால் திரும்ப வராது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். தேதியும் சீட்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.

இந்த ஒரு வரியை மட்டும் தாண்டாதீர்கள்

மேலே சொன்ன எல்லாமே நூறு, ஆயிரம் கணக்கு. குடும்பத்தை உலுக்குகிற ஆபத்து பில்லில் இருக்கிற 'மினிமம் டியூ' என்கிற வரி. டிக்கெட்டும் ஹோட்டலுமாக 60,000 ரூபாய் பில் வருகிறது. 5 சதவிகிதம், 3,000 கட்டினால் போதும் என்று போட்டிருக்கும். கட்டுகிறீர்கள். மீதி 57,000-க்கு மாதம் 3.75 சதவிகிதம் என்றால் 2,137 ரூபாய் வட்டி. ஜி.எஸ்.டி. சேர்த்து 2,522. இது ஒரே ஒரு மாதத்துக்கு, குறைந்தபட்சக் கணக்கு. உண்மையில் பில் தேதியிலிருந்து அல்ல, நீங்கள் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த மாதம் மளிகைக் கடையில் தேய்க்கிற புதுச் செலவுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 60,000-க்கு 2 சதவிகிதம் பாயிண்ட் வந்தால் 1,200 ரூபாய்.

வருடத்துக்கு 45 சதவிகித வட்டி இது. 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. அந்தத் தடுப்பும் இப்போது இல்லை. கடந்த ஒரு வருடத்தில் ஒரு மாதமாவது முழு பில்லைக் கட்ட முடியாமல் போயிருந்தால், டிராவல் கார்டே உங்களுக்கு வேண்டாம். டெபிட் கார்டில், யு.பி.ஐ.யில் டிக்கெட் எடுங்கள். வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுப்பதை யாருமே செய்யக் கூடாது. கட்டணமும் வட்டியும் முதல் நாளிலிருந்தே.

பாயிண்ட் பெயரில் திருட்டு

கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் இது. 'உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்று இரவு காலாவதி ஆகிறது, உடனே ரிடீம் செய்யவும்' என்று வங்கியின் லோகோவோடு வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ வரும். கூடவே ஒரு லிங்க், அல்லது ஏ.பி.கே. ஃபைல். அதை இன்ஸ்டால் செய்தால் உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போகும். எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. அனுப்பிப் பாயிண்ட் கொடுப்பதில்லை. வீட்டில் ரிட்டயர் ஆன அப்பா, அம்மா இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லிக் கார்டை பிளாக் செய்யுங்கள், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். ஓ.டி.பி.யை நாமே கொடுத்துவிட்ட நிலையில், புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு. புகார் கொடுத்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு நிமிடமும் காசு.

கார்டு ஏற்கெனவே வந்துவிட்டதா?

ரிசர்வ் வங்கியின் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. கேட்காத கார்டை அனுப்பிக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். கேட்டு வாங்கிய கார்டாக இருந்தாலும், 30 நாளுக்கு மேல் ஆக்டிவேட் செய்யாமல் வைத்திருந்தால் ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்பார்கள். நீங்கள் சம்மதிக்காவிட்டால் செலவில்லாமல் கணக்கை மூட வேண்டும். அதனால் கூரியர் கவரைப் பிரித்த அன்றே ஆக்டிவேட் செய்ய அவசரப்படாதீர்கள். முந்தைய மூன்று மாத பில்லை எடுத்து வைத்து, மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள். கட்டணங்களை உயர்த்துவதாக இருந்தால் வங்கி ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதும் விதி. அந்த மின்னஞ்சலைக் குப்பைக்குப் போகவிடாதீர்கள்.

மூடுவது என்று முடிவெடுத்தால் முதலில் இருக்கிற பாயிண்டைச் செலவழியுங்கள். கார்டில் ஓடும் ஆட்டோ பேமென்ட்டுகளை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். பாக்கியைப் பைசா மிச்சமில்லாமல் கட்டிவிட்டு, எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புங்கள். "சார், ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணித் தர்றோம், ஒரு வருஷம் வெச்சிருங்க" என்று போன் வரும். கணக்கு நஷ்டம் காட்டினால் மசிய வேண்டாம். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். விவரம் கேட்க 14448. இரண்டு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து அந்தக் கார்டு 'குளோஸ்டு' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிபில் உட்பட நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும்.